கருவிக்கும் ஒரு தனிக்குடித்தனம்

ஊரிலிருந்து அக்கா போன் பண்ணினாள். "டேய், பேங்க்ல கேட்ட தீர்மானத்தை எல்லாம் மெயில்ல அனுப்பிட்டேன். அவரு போன்ல திறந்து பாத்துட்டு, 'என்னம்மா, இங்கிலீஷ்ல கன்னாபின்னான்னு என்னமோ இருக்கு'ங்கிறாரு. நான் தமிழ்லதானே வெச்சிருக்கேன்?"

அக்கா ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவின் செயலாளர். குழுவின் பழைய கூட்டத் தீர்மானங்களும் கடன் விவரங்களும் 43 கோப்புகளாக அவளிடம் இருக்கின்றன. எல்லாம் டி.டி.பி. கடையில் பாமினி எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழாகத் தெரியும். இல்லாத போனில் திறந்தால் வேஷம் கலைந்துவிடும். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலத் தட்டெழுத்துகள்தான். அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுப்பது எழுத்துரு மட்டுமே. யூனிகோடில் தமிழுக்கெனச் சொந்தமாக எண்கள் உண்டு என்பதால் எந்தப் போனிலும் தமிழ் தமிழாகவே இருக்கும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. அதற்கு முன் அடித்தவையும், பழக்கம் விடாமல் பின்னால் அடித்தவையும் வீட்டுக்கு வீடு இன்னும் கிடக்கின்றன.

மாற்றுவது பெரிய வித்தை இல்லை. 'ஓப்பன்-தமிழ்' என்று பைத்தான் மொழிக்கு ஒரு திறந்த மூல நூலகம் இருக்கிறது. பாமினி, டிஸ்கி, டாப், டாம் போன்ற பழைய குறியாக்கங்களை யூனிகோடாக மாற்றும் வேலை அதில் தயாராகவே இருக்கிறது. அதை வைத்து இருபது வரியில் ஒரு நிரல் எழுதினேன். என் மடிக்கணினியில் ஓடியது. வாட்ஸ்அப்பில் அக்காவுக்கு அனுப்பினேன். அங்கே ஓடவில்லை. நம்மிடம் ஓடும் ஒரு நிரலை இன்னொருவர் கணினியில், அங்கிருக்கும் எதையும் கெடுக்காமல் எப்படி ஓட வைப்பது? அதுதான் இந்த இதழின் பாடம்.

ஒரு குறிப்பு. கட்டளைகளை இங்கே ஒலிப்பில் தந்திருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள்.

கணினி ஏன் மறுத்தது?

அக்காவின் மடிக்கணினியில் உபுண்டு லினக்ஸ். நூலகத்தை நிறுவ 'பிப் இன்ஸ்டால் ஓப்பன்-தமிழ்' என்று அடித்ததும் சிவப்பில் ஒரு பிழைச் செய்தி வந்தது. 'இந்தப் பைத்தான் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது' என்பது அதன் சாரம். அக்கா பயந்துபோய்ப் படம் எடுத்து அனுப்பினாள்.

பயப்பட ஒன்றுமில்லை. அது நல்லதுக்குச் சொல்கிறது. லினக்ஸ் கணினியில் பைத்தான் நமக்காக மட்டும் இல்லை. இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் பலவும் அதே பைத்தானில்தான் ஓடுகின்றன. கூட்டுக்குடும்பத்தின் பொது அடுப்படி மாதிரி. நாம் உள்ளே போய் ஒரு டப்பாவை இடம் மாற்றினால், அடுத்து சமைக்க வருகிறவருக்கு உப்பு எது, சர்க்கரை எது என்று தெரியாது. அதனால் 2023-இல் வந்த உபுண்டு 23.04, டெபியன் 12 பதிப்புகளிலிருந்து இந்தப் பூட்டைப் போட்டுவிட்டார்கள்.

இந்தப் பூட்டை உடைக்கவும் ஒரு வழி உண்டு. கட்டளையின் பின்னால் 'பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' என்று சேர்த்தால் பிப் மறுபேச்சு பேசாமல் நிறுவிவிடும். பல வீடியோக்களில் இதைத்தான் தீர்வு என்கிறார்கள். பெயரைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 'அமைப்பின் தொகுப்புகளை உடை' என்று அதிலேயே எழுதியிருக்கிறது! இந்தப் பூட்டு வருவதற்கு முன்பு, நிர்வாகி அனுமதியோடு பிப்பை ஓட்டி ஒரு நூலகத்தைப் புதுப்பித்தவன் நான். மறுநாள் என் கணினியின் அப்டேட் ஜன்னலே திறக்கவில்லை. அதைச் சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசும் போனது.

பிழைச் செய்தியைக் கடைசிவரை படித்திருந்தால் வழியும் அதிலேயே இருக்கிறது. தனிச்சூழல் அமைத்துக்கொள், அல்லது பிப்எக்ஸ் பயன்படுத்து என்று அதுவே சொல்கிறது. முதல் வரியைப் பார்த்ததும் மூடிவிடுவது நம் எல்லோருக்கும் இருக்கும் பழக்கம்.

தனிச்சூழல் என்றால்?

கருவியைத் தனிக்குடித்தனம் வைப்பதுதான். பைத்தானிலேயே 'வென்வ்' என்று ஒரு வசதி, 2012-இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து இருக்கிறது. உபுண்டுவில் 'பைத்தான்3-வென்வ்' என்ற தொகுப்பை முதலில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' கொடுத்து நிறுவிக்கொள்ள வேண்டும். பிறகு டெர்மினலில்,

பைத்தான்3 -எம் வென்வ் சோதனை

என்று அடித்தால் 'சோதனை' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாகும். ('சோதனை' இருக்கும் இடத்தில் உங்களுக்குப் பிடித்த ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.) உள்ளே 'பின்' என்ற ஃபோல்டரில் பைத்தானும் பிப்பும் இருக்கும். 'லிப்' என்ற ஃபோல்டரில் நாம் நிறுவும் நூலகங்கள் சேரும். இந்த வீட்டுக்கு மூலப் பைத்தான் எங்கே இருக்கிறது என்று குறித்து வைத்த ஒரு சிறு கோப்பும் இருக்கும். அவ்வளவுதான், மந்திரம் ஏதும் இல்லை. வேண்டாம் என்றால் அந்த ஃபோல்டரை அழித்துவிடலாம். கணினியின் மற்ற பகுதிக்கு ஒரு கீறலும் விழாது.

'ஆக்டிவேட் செய்ய வேண்டும்' என்று எல்லாப் பாடத்திலும் சொல்வார்கள். அது செய்யும் வேலை ஒன்றுதான். நீங்கள் ஒரு கட்டளை அடித்ததும் கணினி எந்தெந்த ஃபோல்டரில் தேட வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு. அதன் முதலிடத்தில் இந்தச் சூழலின் 'பின்' ஃபோல்டரைக் கொண்டுபோய் வைக்கிறது. ஆக்டிவேட் செய்யாமலே, 'சோதனை/பின்/பைத்தான்' என்று முழு வழியையும் அடித்தாலும் அதே வேலை நடக்கும். விண்டோஸில் 'பின்' என்பதற்குப் பதில் 'ஸ்கிரிப்ட்ஸ்' என்று ஃபோல்டர் பெயர் மாறும்.

இங்கேதான் நான் இரண்டாவது தடவை சறுக்கினேன். என் கணினியில் வென்வ் அமைத்து, நூலகத்தையும் நிரலையும் உள்ளே வைத்து, முழு ஃபோல்டரையும் பென் டிரைவில் போட்டு அக்காவுக்குக் கொடுத்தனுப்பினேன். ஓடவில்லை. தனிச்சூழலுக்குள் இருக்கும் கட்டளைக் கோப்புகளின் முதல் வரியில், என் கணினியின் முழு முகவரியும், என் பயனர் பெயர் உட்பட, எழுதப்பட்டிருக்கும். அக்கா கணினியில் அந்த முகவரியே கிடையாது. போதாக்குறைக்கு மூலப் பைத்தானைக் காட்டும் இணைப்புக் கோப்புகளைப் பல பென் டிரைவ்களால் அப்படியே சேமிக்கவும் முடியாது. வீட்டைப் பெயர்த்து லாரியில் ஏற்ற முடியாது. வரைபடத்தைக் கொடுத்து அங்கேயே கட்டச் சொல்ல வேண்டும். அந்த வரைபடம்தான் 'பேக்கேஜ்'. அதை இனிப் பொதி என்று சொல்வோம்.

பொதி கட்டும் முறை

ஒரு ஃபோல்டர். அதற்கு 'எழுத்துமாற்றி' என்று பெயர் வைத்தேன். உள்ளே 'எஸ்ஆர்சி', அதற்குள் மறுபடி 'எழுத்துமாற்றி', அதற்குள் நிரல் கோப்பு. கூடவே இரண்டு அடிக்கோடு, இனிட், இரண்டு அடிக்கோடு என்ற பெயரில் ஒரு காலிக் கோப்பு. அது இருந்தால் பைத்தான் இதை ஒரு பொதியாக மதிக்கும். வெளி ஃபோல்டரில் 'பைபுராஜெக்ட் டாட் டாமல்' என்ற கோப்பு. இதுதான் வரைபடம்.

டாமல் கோப்பில் மூன்று பகுதிகள் போதும். முதலாவது 'பில்ட்-சிஸ்டம்'. பொதியை யார் கட்டுவது என்று சொல்லும் இடம். நான் 'செட்டப்டூல்ஸ்' என்று போட்டேன். இரண்டாவது 'புராஜெக்ட்'. இதில் பெயர், பதிப்பு எண் 0.1.0, குறைந்தது எந்தப் பைத்தான் பதிப்பு வேண்டும் என்ற விவரம், தேவைப்படும் நூலகங்கள். இந்தக் கடைசி வரியில்தான் 'ஓப்பன்-தமிழ்' என்று எழுத வேண்டும். கவனியுங்கள், நிறுவும்போது பெயர் 'ஓப்பன்-தமிழ்'. நிரலுக்குள் அழைக்கும்போது வெறும் 'தமிழ்'. இரண்டும் வேறு வேறாக இருப்பது பைத்தான் உலகில் சகஜம். படங்களைக் கையாளும் 'பில்லோ' நூலகத்தையும் நிரலுக்குள் 'பி.ஐ.எல்.' என்றுதான் அழைக்கிறோம். டாமல் கோப்பில் வர வேண்டியது நிறுவும் பெயர்.

மூன்றாவது பகுதி 'புராஜெக்ட் டாட் ஸ்கிரிப்ட்ஸ்'. ஒரே வரி. இடது பக்கம் அக்கா அடிக்கப்போகும் கட்டளையின் பெயர், சமக்குறி, வலது பக்கம் பொதியின் பெயர், புள்ளி, நிரல் கோப்பின் பெயர், முக்காற்புள்ளி, 'மெயின்'. 'இந்தக் கட்டளையை அடித்தால், அந்தக் கோப்பில் உள்ள மெயின் என்ற செயல்கூற்றை ஓட்டு' என்று பொருள். இந்த வரி இல்லாவிட்டால் உங்கள் பொதி ஒரு நூலகமாக இருக்குமே தவிர, கருவியாக இருக்காது.

முதல் முறை எனக்கு இது வேலை செய்யவில்லை. காரணம், என் இருபது வரியும் எந்தச் செயல்கூறுக்குள்ளும் இல்லாமல் வெட்ட வெளியில் கிடந்தன. 'மெயின் எங்கே?' என்று கேட்டு நின்றுவிட்டது. எல்லாவற்றையும் 'டெஃப் மெயின்' என்பதன் கீழே தள்ளி எழுதியதும் சரியானது. கோப்பின் பெயரைக் கேட்டு வாங்கும் வேலைக்குப் பைத்தானிலேயே இருக்கும் 'ஆர்க்பார்ஸ்' போதும். அதைப் பயன்படுத்தினால், '--ஹெல்ப்' என்று அடித்தவுடன் உதவிக் குறிப்பும் தானாக வரும். உதவிக் குறிப்பைத் தமிழிலேயே எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அக்கா என்னைக் கூப்பிடாமல் இருப்பதற்கு அதுதான் ஒரே வழி!

இனி கட்ட வேண்டியதுதான். புதிதாக ஒரு தனிச்சூழல் அமைத்து, அதில் 'பிப் இன்ஸ்டால் பில்ட்' கொடுத்து, திட்ட ஃபோல்டரில் நின்றுகொண்டு 'பைத்தான் -எம் பில்ட்' அடியுங்கள். 'டிஸ்ட்' என்ற ஃபோல்டரில் இரண்டு கோப்புகள் விழும். நமக்கு வேண்டியது 'டபிள்யூ.எச்.எல்.' என்று முடிவது. இதை 'வீல்' என்பார்கள். உண்மையில் அது ஒரு ஜிப் கோப்புதான். பெயரின் பின்பகுதியில் 'பைத்தான்3', 'நன்', 'எனி' என்பதைக் குறிக்கும் சொற்கள் வரிசையாக இருக்கும். பைத்தான் 3 இருந்தால் போதும், எந்த இயங்குதளமானாலும் பரவாயில்லை என்பது அதன் சுருக்கம். என்னுடைய வீல் சில கே.பி. மட்டுமே. ஒரு செல்ஃபி படத்தை விடச் சின்னது. வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பலாம். பெயரை மட்டும் மாற்றக் கூடாது. அந்தப் பெயரை வைத்துத்தான் பிப் முடிவெடுக்கிறது.

அனுப்பும் முன் ஒரு வேலை. இன்னொரு காலித் தனிச்சூழல் அமைத்து, அதில் உங்கள் வீலை நிறுவி ஓட்டிப் பாருங்கள். உங்கள் வழக்கமான சூழலில் எல்லா நூலகமும் ஏற்கெனவே இருக்கும் என்பதால், டாமலில் ஒன்றை எழுத மறந்தது அங்கே தெரியவே தெரியாது. காலிச் சூழலில் 'அப்படி ஒரு தொகுதியே இல்லை' என்று உடனே காட்டிக்கொடுத்துவிடும். அக்கா வீட்டில் தெரிவதைவிட நம் வீட்டிலேயே தெரிவது மேல்.

அக்கா வீட்டில்

பிப்எக்ஸ் என்பது தனிக்குடித்தனம் வைத்துக்கொடுக்கும் தரகர் மாதிரி. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தனிச்சூழலைத் தானே அமைத்து, உள்ளே நிறுவி, கட்டளையை மட்டும் வெளியே எட்டும் இடத்தில் வைக்கும். ஆக்டிவேட் எல்லாம் தேவையில்லை. போனில் சொல்லச் சொல்ல அக்கா அடித்தாள்.

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பிப்எக்ஸ்
பிப்எக்ஸ் என்ஷ்யூர்பாத்

இரண்டாவது கட்டளைக்குப் பிறகு டெர்மினலை மூடித் திறக்க வேண்டும். இதை விட்டுவிட்டுத்தான் பலர் 'கட்டளை கிடைக்கவில்லை' என்று தவிக்கிறார்கள். பிறகு டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்குப் போய், 'பிப்எக்ஸ் இன்ஸ்டால்', ஒரு இடைவெளி, புள்ளி, சாய்கோடு, வீல் கோப்பின் பெயர். ஓப்பன்-தமிழ் நூலகத்தை இணையத்திலிருந்து அதுவே இறக்கிக்கொண்டது. இணையம் இல்லாத இடமானால், 'பிப் டவுன்லோட்' கட்டளையால் தேவையான எல்லா வீல்களையும் முன்கூட்டியே ஒரு ஃபோல்டரில் சேர்த்து எடுத்துப்போகலாம்.

"வந்துடுச்சுடா!" என்றாள். 43 கோப்பும் பத்து நிமிடத்தில் மாறிவிட்டன. அரை மணி நேரத்தில் மறுபடி போன். "கடன் தொகை எல்லாம் நடுவுல இ, இன்னு வருதே?"

1,25,000 என்று இருந்த இடத்தில் 1இ25இ000 என்று இருந்தது. பாமினியில் காற்புள்ளித் தட்டு 'இ' எழுத்துக்கு உரியது. டி.டி.பி. கடைக்காரர் எண்களை மட்டும் ஆங்கில எழுத்துருவுக்கு மாற்றி அடித்திருக்கிறார். வெறும் உரையாகச் சேமித்தபோது எழுத்துரு விவரம் போய்விட்டது. நிரலுக்கு எது பாமினி, எது ஆங்கிலம் என்று தெரியாமல் எல்லாவற்றையும் தமிழாக்கிவிட்டது. இடையில் ஆங்கிலத்தில் இருந்த வங்கிக் கிளையின் பெயரும் இப்படியே சிதைந்திருந்தது. எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில் வரும் காற்புள்ளியைத் தொடாதே என்று ஒரு வரி சேர்த்து, டாமலில் பதிப்பை 0.2.0 ஆக்கி, மறுபடி கட்டி அனுப்பினேன். இந்த முறை 'பிப்எக்ஸ் இன்ஸ்டால்' என்பதோடு '--ஃபோர்ஸ்' சேர்த்து அடிக்கச் சொன்னேன். பழைய பதிப்பு போய்ப் புதுப் பதிப்பு வந்தது. அக்காவின் கணினியில் வேறெதுவும் அசையவில்லை. ஆங்கிலச் சொற்களை மட்டும் அவளே கையால் திருத்தினாள். அதற்கு நம்பகமான வழி எனக்கு இன்னும் அகப்படவில்லை.

ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். உபுண்டுவைப் பெரிய பதிப்புக்கு மாற்றினால், மூலப் பைத்தானின் பதிப்பும் மாறும். அதை நம்பியிருந்த தனிச்சூழல்கள் அப்போது படுத்துவிடும். 'பிப்எக்ஸ் ரீஇன்ஸ்டால்-ஆல்' என்றால் எல்லாவற்றையும் மறுபடி கட்டிவிடும். ஆனால் வீல் கோப்பு பழைய இடத்திலேயே இருக்க வேண்டும். டவுன்லோட்ஸில் விட்டு வைத்தால் ஒருநாள் துடைத்துவிடுவோம். அதற்கென ஓர் இடத்தில் வைத்து, அங்கிருந்து நிறுவுங்கள்.

போன் மட்டும் இருப்பவர்களுக்கு

ஆண்ட்ராய்டில் 'டெர்மக்ஸ்' என்ற செயலி ஒரு சின்ன லினக்ஸ் டெர்மினலையே தருகிறது. அதில் 'பிகேஜி இன்ஸ்டால் பைத்தான்' கொடுத்தால் பைத்தான் வரும். வென்வ் கூடவே வரும். தனிச்சூழலை டெர்மக்ஸின் சொந்த ஹோம் ஃபோல்டரில் மட்டும் அமைக்கவும். போனின் பொதுச் சேமிப்பகத்தில், அதாவது டவுன்லோட்ஸ், படங்கள் இருக்கும் இடத்தில் அமைத்தால் இணைப்புக் கோப்புகளை உருவாக்க அனுமதி கிடைக்காமல் பாதியில் நிற்கும். பில்லோ போல உள்ளே சி மொழி நிரல் கொண்ட நூலகங்கள் போனில் கொஞ்சம் படுத்தும். வெறும் பைத்தானில் எழுதிய கருவிகளோடு தொடங்குங்கள்.

தனி என்றால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை

இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தனிச்சூழல் பிரித்து வைப்பது நூலகங்களை மட்டும்தான். அதற்குள் ஓடும் நிரல், உங்கள் பெயரில், உங்கள் அனுமதியோடுதான் ஓடுகிறது. நீங்கள் திறக்க முடிகிற எந்தக் கோப்பையும் அதனாலும் திறக்க முடியும். ஆதார் நகல், பட்டா, குடும்ப அட்டை ஸ்கேன் எல்லாம் அதே கணினியில்தானே இருக்கின்றன? 'பைபிஐ' என்ற பொதுக் களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கி நூலகம் ஏற்றலாம். பிரபலமான பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, ஏமாந்தவர் நிறுவட்டும் என்று காத்திருக்கும் தீய பொதிகள் அங்கே திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கின்றன. அதனால் பெயரை எழுத்துக் கூட்டிப் பார்த்து அடியுங்கள். யாரோ ஒரு குழுவில் பகிர்ந்த வீல் கோப்பை, அனுப்பியவரைத் தெரியாமல் நிறுவாதீர்கள். நானே அனுப்பினாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. வீல் ஜிப் கோப்பு என்றேன் அல்லவா, பிரித்தால் நிரல் வரிகள் அப்படியே தெரியும்.

அக்கா இப்போது பழைய பாமினிக் கோப்புகளை ஒரு ஃபோல்டரிலும், மாற்றியவற்றை வேறொரு ஃபோல்டரிலும் வைத்திருக்கிறாள். மூலத்தை அழிக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். கையெழுத்துப் போட்ட தீர்மானப் புத்தகத்தோடு ஒவ்வொரு தொகையையும் குழுவின் பொருளாளர் சத்தமாக வாசிக்க, அக்கா திரையில் சரிபார்த்தாள். இரண்டு மாலைப்பொழுது ஆனது. வங்கிக்கு யூனிகோடுக் கோப்பு, கூடவே புத்தகத்தின் நகல், இரண்டும் போயிருக்கின்றன. போன வாரம் பக்கத்துக் குழுவின் செயலாளரும் அதே வீலைக் கேட்டாராம். அக்காவே பிப்எக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.